மூணு மாசம் இங்கதான்

சாரா பீவி சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. காலையில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவரிடம் எதிர்வீட்டு ரஹ்மத் பீவி, "என்ன சாரா, மூத்தவ பெட்டி படுக்கையோட வந்து எறங்குனாளே, லீவா?" என்று கேட்டார். சாரா பீவி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளதை உள்ளபடியே சொன்னார்.

"லீவு இல்லக்கா. இருந்த இடத்தை விட்டுட்டு வந்துட்டா. மூணு மாசம் இங்கதான் இருப்பா. அப்புறம் புது இடம்."

அதற்குள் அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. சாரா பீவி உள்ளே ஓடிவிட்டார். ‘வேலை’ என்று இன்னும் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். பால் காத்திருக்காது.

ரஹ்மத் பீவி நின்ற இடத்திலேயே நின்று கணக்குப் போட்டார். நம் பாஷையில் வேலைக்கும் இடம்தான், சம்பந்தத்துக்கும் இடம்தான். இருந்த இடத்தை விட்டுவிட்டு வந்தாகிவிட்டது. புது இடம் பார்க்கப் போகிறார்கள். நடுவில் மூன்று மாதம். பாலக்கரையில் ஒரு முஸ்லிம் வீட்டில் மூன்று மாதம் என்றால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? தலாக் ஆன பெண் இத்தா இருக்கும் காலம் சுமாராக அவ்வளவுதான். அந்த நாட்களில் அவள் வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள், அந்நிய ஆண்களின் கண்ணில் படமாட்டாள். அது முடிந்த பிறகுதான் வேறு மாப்பிள்ளை என்ற பேச்சே. ரஹ்மத் பீவி நல்ல மனுஷி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தோடேயே அடுத்த வீட்டுக்குப் போனார்.

உண்மையில் நடந்தது இதுதான். சுராயா சென்னையில் மருத்துவமனை பில்களுக்குக் குறியீடு போடும் கம்பெனியில் வேலை பார்த்தாள். நோயின் பெயரைப் பார்த்து அதற்குரிய எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அதே வேலை. அவள் புருஷன் கலீம் கத்தார் பக்கம் கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் இடத்தில் இருக்கிறான். இப்போது தோஹாவில் ஒரு ஆஸ்பத்திரியிலேயே அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. விசாவும் மற்றதும் வந்து சேர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். சென்னை வேலையை விட்டாள், ஊருக்கு வந்தாள். வந்தவள் சும்மா இருந்திருந்தால் தெரு அவளைத் தலையில் வைத்துத் தாங்கியிருக்கும்.

முதல் வாரம் தாங்கத்தான் செய்தது. ரஹ்மத் பீவி வீட்டிலிருந்து நெய்ச்சோறும் தாளிச்சாவும் வந்தன. யார் வீட்டிலிருந்தோ தேங்காய்ப்பால் கஞ்சி வந்தது. பால்காரர், சுராயா கதவைத் திறந்ததும் சொம்பைப் படியில் வைத்துவிட்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கேஸ் சிலிண்டர் போடுகிற ஆள் வாசலிலேயே நின்று, "உள்ள யாரும் இல்லன்னா சொல்லுங்க, கொண்டாந்து வைக்கிறேன்" என்றார்.

"என்னம்மா இது, தெருவே மரியாதையா மாறிப் போச்சு" என்றாள் சுராயா.

"ஆஸ்பத்திரி உத்தியோகம்னு தெரிஞ்சிருக்கும்" என்றார் சாரா பீவி. அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாவது வாரம் ஒரு காலையில் தெருமுனையில் வெள்ளை வேன் வந்து நின்றது. சுராயா பர்தாவைப் போட்டுக்கொண்டு பையோடு போய் அதில் ஏறினாள். முன் சீட்டில் டிரைவர் வீரமலை. பின்னால் நர்ஸ் ஆனந்தவள்ளியும், எல்லோரும் ‘சார்’ என்று கூப்பிடும் நரைத்த மீசை வைத்த அடைக்கலராஜும். வேன் கிளம்பி ஸ்ரீரங்கம் பக்கம் போனது. மறுநாளும் வந்தது. நெய்ச்சோறு வருவது அன்றோடு நின்றது.

வேன்காரர்கள் செய்வது தர்ம காரியம். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடியில் சின்ன ஆபீஸ். எழுந்திருக்க முடியாமல் படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்க் குளிப்பாட்டி, புண்ணைச் சுத்தம் செய்து, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வருவார்கள். திருவெள்ளறை வரைக்கும், சில நாள் தொட்டியம் வரைக்கும் போவார்கள். சம்பளம் கிடையாது. சுராயா இதை வீட்டில் சொன்ன அன்று அவள் அப்பா ஜெகபர் அலி சோற்றில் கை வைத்தபடியே கேட்டார்.

"சம்பளம் இல்லாமயா?"

"ஆமா அத்தா. மூணு மாசம்தானே, அப்புறம் எங்க நேரம் கிடைக்கப் போவுது?"

"சம்பளம் குடுக்காம ஒருத்தன் வேலை வாங்குறான்னா அதுல என்னமோ இருக்கும்மா. நீ படிச்சவ. நான் சொல்லணும்னு இல்ல."

"அவங்க வாங்கல அத்தா, நானாத்தான் போய்க் கேட்டேன். படுக்கைப் புண்ணுக்கு ஒரு நம்பர் இருக்கு. அதை எத்தனை தடவை அடிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒரு தடவைகூட அது எப்படி இருக்கும்னு பாத்ததில்ல. நாளைக்கு ஆஸ்பத்திரிலயே போய் உக்காரப் போறேன். பாத்துட்டுப் போறேனே."

"அதுக்கு உன்னைத்தான் கூப்புடணுமா, ஊர்ல ஆளா இல்ல?"

"நம்ம ஆளுங்க வீட்டுப் பொம்பளைங்க வேத்து ஆள் கைபட்டுக் குளிக்கக் கூச்சப்படுறாங்களாம். கோஷாவுல, வெளி ஆள் கண்ணுல படாம இருந்தவங்க. பேர் சொல்லவே மாட்டேங்கறாங்களாம். அவங்ககிட்ட முஸ்லிம் பொண்ணு ஒருத்திகூட இல்ல. அதனால அந்த வீடெல்லாம் எனக்குத்தான்."

"எந்த வீடெல்லாம்?"

"அது சொல்லக் கூடாது அத்தா. சில வீட்ல வண்டி வாசல்ல நிக்கறதே வேணாம்னு சொல்றாங்க. முனையிலயே நிறுத்திட்டு நடந்து போவோம்."

ஜெகபர் அலி தாளிச்சாவில் கிடந்த மாங்காய்க் கொட்டையைச் சப்பிக்கொண்டே யோசித்தார். தர்மம் செய்கிறவன் எதற்கு ஒளிந்து செய்ய வேண்டும் என்பது அவருடைய யோசனை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்கிறவர்தான். கேட்பது வேறு, மகள் வேனில் ஏறிப் போவது வேறு.

ஜெகபர் அலிக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழை இலை மண்டி. விடியும் முன்பே தொட்டியத்திலிருந்து இலை வந்து இறங்கிவிடும். கட்டைப் பிரித்து, தலைவாழை இலை தனி, சாப்பாட்டு இலை தனி, டிபன் இலை தனி என்று பிரித்துத் தண்ணீர் தெளித்து அடுக்க வேண்டும். ஆடி மாதம் இந்த வியாபாரத்துக்குச் சனியன். காவிரிக்கரைக் காற்று இலையைக் கிழித்துப் போட்டுவிடும். வருகிற கட்டில் பாதி தோரணத்துக்குத்தான் லாயக்கு. காற்றுக்குத் தப்புவது இன்னும் விரியாமல் சுருண்டிருக்கும் குருத்து இலை மட்டும்தான். அதில் நல்லதாகப் பார்த்துக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டாள் சுராயா. துணி புண்ணில் ஒட்டிக்கொள்கிறதாம், குருத்து இலையை விரித்துப் படுக்க வைத்தால் ஒட்டாதாம், குளிர்ச்சியாகவும் இருக்குமாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீரமலை மண்டிக்கு வந்து வாங்கிப் போவான்.

அந்த மாதம் ஒரு காலையில் பக்கத்து மண்டி அப்துல் மாலிக், டீ கிளாஸை நீட்டிக்கொண்டே மெல்லச் சொன்னார். "பாய், நாம எல்லாம் இருக்கோம். மனசு விட்றாதீங்க. மூணு மாசம் ஓடிப் போயிடும்."

"எது ஓடிப் போயிடும்?"

"புள்ளைக்குத்தான். அல்லாஹ் பொறுமையைக் குடுக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இத்தாவுல இருக்கற புள்ளை, இப்படி வேன்ல ஏறிப் போறது நல்லா இல்ல. பள்ளிவாசல் ஹஜ்ரத் காதுக்குப் போனா அவரும் கேக்கத்தான் செய்வாரு."

ஜெகபர் அலிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கத்தியிருக்க வேண்டும். என் மகளைப் பற்றி எவன் சொன்னான் என்று கிளாஸைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். பெற்றவன் அதைத்தான் செய்வான். அவர் செய்யவில்லை. டீயைக் குடித்துவிட்டு, "ம்" என்றார். அந்த ‘ம்’ மார்க்கெட் முழுக்கப் பரவிவிட்டது.

அவருக்குள் ஓடியது வேறு. ஒருவேளை இருக்குமோ? தோஹா, விசா என்பதெல்லாம் அவள் வாயால் சொன்னதுதானே? நல்ல வேலையை யாராவது விடுவார்களா? புருஷன் கடலில் இருக்கிறானாம், வெள்ளிக்கிழமை மட்டும்தான் சிக்னல் கிடைக்குமாம். மகளுக்கு இப்போதெல்லாம் சோறு சரியாக இறங்குவதில்லை. யாரோ முன்பின் தெரியாதவர்களைக் குளிப்பாட்டப் போகிறாள். மனசு உடைந்த பெண்தானே இப்படியெல்லாம் போவாள்? தெரு கட்டிய கதைக்குத் தெருவைவிட அவர் நன்றாகச் சுவர் எழுப்பினார்.

வீட்டில் கேட்டிருக்கலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? சின்ன மகள் சம்ரீனுக்கு உறையூரில் பேசி வைத்திருக்கிறார்கள். பையனுடைய அப்பா முகம்மது கனிக்கு அங்கே பாத்திரக்கடை. ஒழுக்கமான குடும்பம். ஜெகபர் அலி ஒரு முறை அவர்கள் வீட்டுக்குப் போய் விருந்தும் சாப்பிட்டுவிட்டு வந்தார். ஆவணியில் தேதி வைப்பதாகப் பேச்சு. மூத்தவள் தலாக்காகி வந்துவிட்டாள், அதை மறைத்துச் சின்னவளைக் கட்டிக் கொடுக்கப் பார்க்கிறார்கள் என்று வந்தால் அந்தச் சம்பந்தம் அன்றோடு சரி. சம்ரீன் அந்தப் பையனோடு போனில் பேசிச் சிரிப்பது இரண்டு மாதமாக வீட்டில் கேட்கிற சத்தம். அது நின்றுவிடும். அதனால் ஜெகபர் அலி கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் உண்மை இல்லாமல் போய்விடும் என்பது போல இருந்தார்.

வெள்ளிக்கிழமை கலீம் பேசினான். சுராயா பேசி முடித்ததும் ஜெகபர் அலி கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டார். காற்றும் கடலும் சேர்ந்து இரைந்தன.

"மாப்ள, எல்லாம் சரிதானே?"

"எல்லாம் முடிஞ்சுது மாமா."

"முடிஞ்சுதா?"

"ஆமா மாமா. நம்ம பக்கம் எல்லாம் முடிச்சாச்சு. பேப்பர் மட்டும் கைக்கு வரணும். சுராயாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன், அவளுக்கும் சம்மதம்தான். நீங்க கவலைப்படாதீங்க..." லைன் அறுந்துவிட்டது.

விசாவைப் பற்றிப் பேசுகிற எந்த மாப்பிள்ளையும் இப்படித்தான் பேசுவான். ஜெகபர் அலி போனை மேசையில் வைத்துவிட்டு லுங்கியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பள்ளிவாசலுக்குப் போய் அஸர் தொழுகைக்குப் பின்வரிசையில் நின்றார்.

அடுத்த வாரம் அவர் உறையூருக்குப் போனார். அங்கே ஒரு மெஸ்காரர் ஆடிக்கு இலை குறைத்துவிட்டார், நேரில் பார்த்துப் பேசினால் கூட்டுவார் என்று போனது. வேலை முடிந்து திரும்பும்போது ஒரு சந்து முனையில் அந்த வெள்ளை வேன். வீரமலை காலை நீட்டி சீட்டில் படுத்திருந்தான்.

"எங்கப்பா என் மக?"

வீரமலை எழுந்து உட்கார்ந்தான். "உள்ளார போயிருக்காங்கய்யா. வந்துருவாங்க."

"எந்த வீடு?"

"அது சொல்லக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காங்க. நீங்க வேணா வண்டில உக்காருங்கய்யா, ஃபேன் இருக்கு."

"நர்ஸம்மா கூட இருக்காங்களா?"

"அவங்களும் சாரும் அந்தாண்ட இன்னொரு வீட்டுக்குப் போயிருக்காங்க. இங்க தங்கச்சி மட்டுந்தான்."

ஜெகபர் அலி சந்துக்குள் நடந்தார். உறையூரில் அந்தப் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிகிற நீளம். முன்வாசலை மட்டும் பார்த்தவனுக்குப் பின்வாசல் எதுவென்று தெரியாது. சந்து முழுக்கப் பின்வாசல்கள்தான், எல்லாம் சாத்தியிருந்தன. ஒரு பச்சைக் கதவு மட்டும் பாதி திறந்திருந்தது. அங்கே மகளைப் பார்த்தார். பர்தாவை மடித்துச் செருகி, முகத்தில் மாஸ்க்கோடு ஒரு வாளியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு உள்பக்கம் நீட்டினாள். உள்ளேயிருந்து ஓர் ஆணின் கை, முழுக்கைச் சட்டை போட்ட கை, அதை வாங்கிக்கொண்டு வேறு வாளியைக் கொடுத்தது. கதவு சாத்திக்கொண்டது.

அவர் கூப்பிடவில்லை. போய்க் கதவைத் தட்டவில்லை. அழுகை வந்தது, கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. வீரமலை பார்க்காதபடி சந்தின் மறுமுனை வழியாகப் போய் பஸ் ஏறினார். அன்றிலிருந்து அவர் மகளோடு பேசுவது குறைந்தது. குருத்து இலைக் கட்டை எடுத்து வைப்பதை மட்டும் விடவில்லை. அதை ஏன் விடவில்லை என்று அவருக்கே தெரியாது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து முகம்மது கனி வந்தார். தனியாக வந்தார். முன்பு ஒரு முறை பெண் பார்க்க வந்தபோது குடும்பத்தோடு வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனவர். அன்று ஜெகபர் அலி, "கூடப் பொறந்தவங்க யாரும் உண்டா?" என்று கேட்டதற்கு, "அக்கா ஒருத்தங்க இருந்தாங்க" என்றார். ஜெகபர் அலி உடனே தலையைக் குனிந்து "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்று ஒருவர் மௌத்தானால், இறந்துபோனால் சொல்வதைச் சொன்னார். கனி டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இன்று சிரிப்பு இல்லை. சாரா பீவி திரைக்குப் பின்னாலிருந்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தனுப்பினார். கனி தொடவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க பாய். குடுக்கறவங்களுக்கும் எடுக்கறவங்களுக்கும் நடுவுல ஒளிவுமறைவு இருக்கக் கூடாது. உங்க மூத்த பொண்ணு இத்தாவுல இருக்கறதா நாலு பேரு சொல்றாங்க. எங்க கடைக்கே வந்து சொல்லிட்டுப் போறாங்க."

திரைக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்தது. "இத்தாவா? யாருக்கு?" என்றார் சாரா பீவி. இத்தனை நாளும் அந்த வீட்டில் அந்தச் சொல்லைக் கேள்விப்படாதவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

கனி குரலைத் தாழ்த்தினார். "அப்படி இருந்தா அது குத்தம் இல்ல. விதி. ஆனா எங்ககிட்ட சொல்லலியே, அதுதான் எனக்கு வருத்தம். நீங்க வாயத் தொறந்து இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் இப்பவே எந்திரிச்சுப் போயிடறேன். ஆவணில தேதி வச்சுருவோம். சொல்லுங்க பாய்."

ஜெகபர் அலி வாயைத் திறந்தார். இல்லை என்ற சொல் வரவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷர், உண்மை எதுவென்றும் தெரியாத மனுஷர். இலையில் ஈரம் துடைப்பது போல உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளறையில் சம்ரீன் விசும்பும் சத்தம் கேட்டது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து சுராயா பேசினாள்.

"அத்தா, ஏன் பேசாம இருக்கீங்க?"

அவர் நிமிரவில்லை. சுராயா திரையை ஒட்டி வந்து நின்றாள். பிறகு கனியிடம் பேசினாள்.

"நான் இத்தாவுல இல்லைங்க. என் வீட்டுக்காரர் கடல்ல வேலை பாக்கறாரு, எனக்கு தோஹாவுல வேலை கிடைச்சிருக்கு. விசா வரணும். அதுக்கு மூணு மாசம். நடுவுல இருக்கற நாளுக்கு ஒத்தாசைக்குப் போறேன், அவ்வளவுதான்."

கனியின் தலை திரையைப் பார்த்துத் திரும்பியது. தெரிந்த குரலைக் கேட்டவர் போலப் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டைக் கையை ஏற்றிவிட்டார், மறுபடி இறக்கிவிட்டார்.

"எங்கம்மா போறீங்க?" குரல் மாறிவிட்டிருந்தது.

சுராயாவுக்கு அப்போதுதான் அந்தக் குரல் பிடிபட்டது. இத்தனை நேரம் தூரத்தில் முணுமுணுப்பாகக் கேட்ட குரல், இப்போது பக்கத்தில் கேட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ‘தண்ணி சூடு போதுமா சிஸ்டர்’ என்று பச்சைக் கதவுக்குள்ளிருந்து கேட்கிற குரல்.

"படுத்த படுக்கையா இருக்கறவங்க வீட்டுக்குப் போறோம்ங்க. குளிப்பாட்டி, தலை சீவி, துணி மாத்திட்டு வருவோம்."

"யார் வீட்டுக்கு?"

"அதைச் சொல்றதில்லைங்க."

"சொன்னா உங்க மேல உள்ள பேச்சு இன்னிக்கே போயிடும். உங்க தங்கச்சி கல்யாணம் நிக்காது. அப்பவும் சொல்ல மாட்டீங்களா?"

"என் பேச்சு போயிடும். அவங்க பேரு வெளிய வந்துடும். வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. சொல்ல மாட்டேங்க."

கனி டீ கிளாஸை எடுத்தார். குடிக்காமலே திரும்ப வைத்துவிட்டார்.

"பாய், உங்க மண்டில குருத்து இலை வருதா?"

ஜெகபர் அலிக்குக் கேள்வி விளங்கவில்லை. "வருது. ஏன்?"

"எங்க வீட்டுக்கும் வருது. எங்க அக்கா அதுலதான் படுத்திருக்காங்க. எங்கேர்ந்து வருதுன்னு நான் ஒரு நாளும் கேக்கல."

"அக்காவா? அக்கா இருந்தாங்கன்னு..."

"இருந்தாங்கன்னு சொன்னேன். நீங்க இன்னா லில்லாஹி சொன்னீங்க. நான் திருத்தல. உசுரோட இருக்கற அக்காவுக்கு மௌத்து சொல்லக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்." கனி கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். "இருக்காங்க பாய். மூணு மாசம் இத்தா இருக்கறதுக்குன்னு வந்தவங்க. எனக்கு அப்ப மீசைகூட மொளைக்கல. பின்கட்டு ரூமைக் குடுத்தோம். மூணு மாசம் முடிஞ்சுது. வெளிய வந்தா ஊரு கேக்கும், பதில் சொல்லணும்னு எங்க அத்தா விடல. அவருக்கப்புறம் நானும் விடல. அப்படியே விட்டுட்டோம். இப்ப எந்திரிக்க முடியல. அந்த ரூம்லயே..." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "மூணு மாசம்னு காதுல விழுந்ததும் எனக்கு வேற ஒண்ணும் தோணல பாய். ஒரு வீட்ல எப்படி மறைப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? அதான் ஓடி வந்தேன்."

ஜெகபர் அலிக்கு முழுக்கைச் சட்டை கண்ணில் பட்டது. பச்சைக் கதவுக்குள்ளிருந்து நீண்ட அதே கை. சம்பந்தி வீட்டுக்கு முன்வாசல் வழியாகப் போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவர், பின்வாசலில் நின்று மகளைச் சந்தேகப்பட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். அவருக்கு அவமானமாக இருந்தது. அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

கனி எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டார். எதிர்வீட்டு வாசலில் ரஹ்மத் பீவி முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு புடைக்காமல் நின்றார். அவரோடு இன்னும் இரண்டு பேர். கனி அவர்களைப் பார்த்தார். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளே பார்த்துக் குரலை உயர்த்தியே சொன்னார்.

"நாளைக்கு வேனை எங்க வீட்டு முன்வாசல்லயே கொண்டாந்து நிறுத்தச் சொல்லுங்கம்மா. சந்துல வேணாம்."

அவர் போனதும் சாரா பீவி வெளியே வந்து, "எந்த வாசல்? எந்தச் சந்து? தேதி வச்சுட்டாரா இல்லியா?" என்று கேட்டார். சம்ரீன் அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அவள் அழுகை நின்றிருந்தது.

சுராயா வந்து குடிக்காமல் ஆறிப்போன டீ கிளாஸை எடுத்தாள். ஜெகபர் அலி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நானும் நெனச்சுட்டேன்மா. தெருவுல சொன்னதை."

"தெரியும் அத்தா."

"கேட்டிருக்கணும். கேக்கப் பயமா இருந்துச்சு."

"அன்னிக்கு உறையூர்ச் சந்துல நீங்க நின்னதைப் பாத்தேன்" என்றாள் சுராயா. "கூப்புடுவீங்கன்னு நெனச்சேன். கதவைச் சாத்திட்டு உள்பக்கமே கொஞ்ச நேரம் நின்னேன்."

அவள் கிளாஸைக் கழுவப் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நிற்கும்வரை ஜெகபர் அலி அங்கேயே உட்கார்ந்திருந்தார்.